நிரல் தேர்வுக்குப் பயிலும் முறை

தேர்வு நெருங்கிவிட்டது என்றால் நம் மாணவருட் பெரும்பாலோர் முதற்கண் செய்வது யாது? நூலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை நான்கு முறையும் ஐந்து முறையும் வாய்விட்டுப் படிப்பர். செய்யுளுக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். செய்யுளைச் சொல் பிறழாமல் ஒப்பித்தல் வேண்டும். ஓசை நெஞ்சில் பதிந்துவிட்டால் சொற்கள் தாமே பின்தொடர்ந்து வரும். வரலாற்றுக்கும் இம்முறை பாதிப் பயனேனும் தரும். ஆனால், கணிப்பொறியியல் பயிலும் மாணவர் எழுதும் சிறுதேர்வு ஒன்று உண்டு. 'தரவு அமைப்புகளும் நெறிமுறைகளும்' என்பது அதன் பாடம். பள்ளியின் மேல்வகுப்புகளிலும், பொறியியற் கல்லூரிகளிலும், பின்னர் வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களிலும் இத்தகைய தேர்வினை வைக்கின்றனர். இதற்கு மனப்பாடம் மிகச் சிறிதே உதவும். நன்கு படித்துவிட்டோம் என்று எண்ணிச் செல்லும் மாணவர் பலர் இதில் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றத்தின் காரணத்தை அறிந்துகொண்டால், பயிலும் முறை யாது என்பதும் விளங்கும்.

முதலில் அவ்விரு பெயர்களின் பொருளைக் காண்போம். கணிப்பொறியில் இடப்படும் செய்திகளுக்குத் தரவு என்று பெயர். எண்களாயினும், ஆட்பெயர்களாயினும், ஊர்ப்பெயர்களாயினும் எல்லாம் தரவே. அவற்றை எந்த ஒழுங்கில் வைக்கின்றோம் என்பது தரவு அமைப்பு. அவ்வாறு வைத்தவற்றைக் கொண்டு ஒரு வேலையை முடிப்பதற்கு, ஐயத்திற்கு இடமின்றி வகுத்துக் கூறும் படிகளின் தொகுதி நெறிமுறை. அந்நெறிமுறையைக் கணிப்பொறி ஏற்கும் மொழியில் எழுதினால் அது நிரல் ஆகின்றது.

தரவை வைக்கும் ஒழுங்குக்கும் அதனைக் கொண்டு செய்யும் வேலைக்கும் உள்ள உறவினை நம் மொழியின் வரலாறே நன்கு காட்டும். முற்காலத்தில் சொற்பொருள் அறிய விரும்பியோர்க்குத் துணையாய் இருந்தவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளில் சொற்கள் பெரும்பாலும் பொருள் வகையால் தொகுக்கப்பட்டிருந்தன. தெய்வப் பெயர்கள் ஓரிடம், மக்கட்பெயர்கள் ஓரிடம், விலங்கின் பெயர்கள் ஓரிடம், மரப்பெயர்கள் ஓரிடம் எனப் பகுத்துப் பாவடிவில் அவற்றை அமைத்தனர். மாணவர் அப்பாக்களை மனப்பாடம் செய்தனர். நூல் நெஞ்சிலேயே இருப்பவர்க்குத் தேடவேண்டிய தேவை இல்லை. ஆயின், மனப்பாடம் செய்யாத ஒருவர், முன்பின் அறியாத ஒரு சொல்லுக்குப் பொருள் காண விரும்பினால் என்ன செய்வார்? அது மரத்தின் பெயரா, விலங்கின் பெயரா என்பதே அவருக்குத் தெரியாதே! நூலை முதலிலிருந்து புரட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதி சொற்களை எழுத்து வரிசையில் வைத்தது. இம்முயற்சி அவருக்கு முன்பும் ஓரளவு உண்டு. எனினும் அகராதி என்னும் அமைப்பு நன்கு வேரூன்றியது அவர் நூலால் எனலாம். சொற்கள் பழையனவே, பொருளும் பழையதே, வைத்த ஒழுங்கு ஒன்றே மாறிற்று. அம்மாற்றத்தால் நூல் முழுவதையும் கற்காதவரும் வேண்டிய சொல்லைக் கண்டறிய முடிந்தது.

எவ்வளவு விரைவில் கண்டறியலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 1,04,405 சொற்கள் உள்ளன. அவை ஒழுங்கின்றிக் கிடந்தால், தேடும் சொல் கடைசியில் இருக்குமாயின் அத்தனை சொற்களையும் பார்த்தாக வேண்டும். எழுத்து வரிசையில் இருப்பதால், நடுவில் உள்ள சொல்லை முதலில் பார்க்கலாம். நாம் தேடுவது அதற்கு முன் வருவதாயின், பின்பாதி முழுவதையும் விட்டுவிடலாம். பின் வருவதாயின், முன்பாதியை விட்டுவிடலாம். ஒரே பார்வையில் ஏறக்குறைய 52,000 சொற்கள் கழிந்துவிடுகின்றன! எஞ்சிய பாதியின் நடுவை மீண்டும் பார்க்கிறோம், 26,000 எஞ்சுகின்றன. அடுத்த முறை 13,000; அதற்கடுத்த முறை 6,500. இவ்வாறே குறைந்துகொண்டு போனால், பதினேழாம் முறைக்குள் சொல் அகப்பட்டுவிடும். அல்லது அச்சொல் நூலில் இல்லை என்பது தெளிவாகிவிடும். இலட்சம் எங்கே, பதினேழு எங்கே! இந்நெறிமுறைக்கு இருமத் தேடல் என்று பெயர். இதனை ஒருவாறு அறியாத கணிப்பொறி மாணவர் இலர். இதனைப் பிழையின்றி எழுத வல்லவரோ மிகச் சிலர்.

அஃது எப்படி என்று நீங்கள் வியக்கலாம். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு என்னுடன் வாருங்கள். 4, 9, 15, 22, 31, 38, 47, 56, 63, 71 என்னும் பத்து எண்களை ஒரே வரியில் எழுதுங்கள். அவற்றின் கீழே இட எண்களைக் குறியுங்கள். கணிப்பொறி மொழிகள் பலவற்றில் இடங்களை 0 முதல் எண்ணுவதே வழக்கம். ஆதலால் 4 என்பது 0ஆம் இடத்திலும், 71 என்பது 9ஆம் இடத்திலும் இருக்கின்றன. புதிதாய்ப் பயில்வோர் இடறும் முதற்கல் இதுவே. பத்து எண்கள் உள்ளன. ஆனால் பத்தாம் இடம் என ஒன்று இல்லை.

இப்பொழுது 47ஐத் தேடுவோம். தேடும் பகுதியின் இடப்புற எல்லையைக் 'கீழ்' என்றும், வலப்புற எல்லையை 'மேல்' என்றும் அழைப்போம். தொடக்கத்தில் கீழ் 0, மேல் 9. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நாலரை. பின்னத்தை விட்டால் நடு 4. நான்காம் இடத்தில் இருப்பது 31. 47 அதனினும் பெரிது. ஆகவே 31ம் அதற்கு முன் உள்ளவையும் நமக்கு வேண்டா. கீழ் 5 ஆகின்றது. அடுத்து 5ஐயும் 9ஐயும் கூட்டிப் பாதியாக்க, நடு 7. அங்கே 56, நாம் தேடுவது சிறிது, மேல் 6 ஆகின்றது. மீண்டும் 5ஐயும் 6ஐயும் கூட்டிப் பாதியாக்கிப் பின்னத்தை விட்டால் நடு 5. அங்கே 38, கீழ் 6 ஆகின்றது. இப்பொழுது கீழும் மேலும் 6, நடுவும் 6, அங்கே 47. நான்கு பார்வையில் முடிந்தது.

பட்டியலில் இல்லாத 40ஐத் தேடினால் என்ன நிகழும்? முதல் மூன்று படிகளும் முன் போன்றவையே. நான்காம் படியில் ஆறாம் இடத்து 47ஐக் காண்கிறோம். 40 அதனினும் சிறிது. ஆகவே மேல் 5 ஆகின்றது. கீழோ 6. கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. தேடுவதற்கு இடமே எஞ்சவில்லை என்பதற்கு இதுவே அடையாளம். 'இல்லை' என்று விடை கூறி நிரல் நிற்கவேண்டும்.

இதுவரை எல்லாம் எளிது. இனித்தான் மாணவர் கருத்தூன்ற வேண்டும். நடுவில் உள்ள எண் சிறிதாயின் கீழ் எல்லையை 'நடுவுக்கு அடுத்த இடம்' என்று மாற்றினோம் அல்லவா? மாணவர் ஒருவர் அவசரத்தில் 'அடுத்த இடம்' என்பதை விட்டு, கீழ் எல்லையை 'நடு' என்றே எழுதிவிடுகிறார் என்று கொள்வோம். ஒன்றே ஒன்று கூட்ட மறந்தார்; அவ்வளவே. அந்நிரலைக் கொண்டு 47ஐத் தேடிப் பார்ப்போம். கீழ் 0, மேல் 9, நடு 4, அங்கே 31, கீழ் 4 ஆகின்றது. 4ம் 9ம் சேர்ந்து பதின்மூன்று, நடு 6, அங்கே 47. அகப்பட்டுவிட்டது! சரியான நிரலைவிட விரைவாகவே விடை வந்துவிட்டது. மாணவர் மகிழ்ந்து தாளைக் கொடுத்துவிடுவார்.

ஆசிரியர் 71ஐத் தேடுமாறு கேட்கிறார். நடு 4, கீழ் 4 ஆகின்றது. நடு 6, கீழ் 6 ஆகின்றது. நடு 7, கீழ் 7 ஆகின்றது. நடு 8, கீழ் 8 ஆகின்றது. இப்பொழுது கீழ் 8, மேல் 9. இரண்டும் சேர்ந்து பதினேழு, பாதி எட்டரை, பின்னத்தை விட்டால் நடு 8. அங்கே 63, சிறிது, கீழ் எல்லை மீண்டும் 8. அடுத்த படியிலும் நடு 8, கீழ் 8. அதற்கடுத்த படியிலும் அதுவே. செக்கைச் சுற்றும் மாடுபோல நிரல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். விடையும் கூறாது, நிற்கவும் நிற்காது. தேர்வுத் தாளில் இதனால் இரண்டு மதிப்பெண் குறையும். மருத்துவமனையில் நோயாளி ஒருவரின் குறிப்பைத் தேடும் நிரலில் இப்பிழை புகுந்திருப்பின், பட்டியலின் கடைசியில் பெயர் உள்ள நோயாளிக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். மற்ற நோயாளிகளுள் பலருக்கு அது நன்றாகவே வேலை செய்திருக்கும். ஆதலால் பிழை உண்டு என்ற ஐயமே எவர்க்கும் எழுந்திராது.

இத்தகைய பிழை மாணவர்க்கே உரியது என்று நினைத்தல் வேண்டா. மின்னணுக் கணிப்பொறியை முதன்முதல் அமைத்தோருள் ஒருவராகிய ஜான் மாக்லி என்னும் அமெரிக்கர் 1946ஆம் ஆண்டிலேயே தம் சொற்பொழிவில் இத்தேடல் முறையைக் குறிப்பிட்டார். பட்டியலில் எத்தனை உறுப்புகள் இருப்பினும் பொருந்தும் வகையில் இம்முறை அச்சில் வெளிவந்ததோ 1960ஆம் ஆண்டு வாக்கில்தான். ஐந்தே நிமிடத்தில் விளக்கிவிடக்கூடிய ஒரு கருத்து முழு வடிவம் பெறப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. பின்னர் ஜான் பென்ட்லி என்னும் அறிஞர், நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நடத்திய வகுப்புகளில், இதனை எழுதித் தருமாறு கேட்டார். இரண்டு மணி நேர அளவும் தந்தார். முடிவில் சோதித்துப் பார்த்தபொழுது, பத்தில் ஒன்பது பங்கினர் எழுதிய நிரல்களில் பிழை இருந்தது. இச்செய்தியை அவரே 1986ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார்.

அவர்கள் யாவரும் இருமத் தேடலின் கருத்தை அறியாதவர் அல்லர். கருத்தை அறிதல் வேறு. அதன் ஒவ்வோர் எல்லையிலும் என்ன நிகழும் என்று நடந்து பார்த்தல் வேறு. சிறுதேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவதே. 'இருமத் தேடல் என்றால் என்ன?' என்ற வினா அரிதாகவே வரும். பத்து வரி நிரல் ஒன்றைக் கொடுத்து, இதில் ஐந்தாம் வரிக்குப் பின் கீழ் எல்லையின் மதிப்பு யாது, எந்த எண்ணைத் தேடினால் இது நிற்காது என்றெல்லாம் வினவுவர். நூலை நூறு முறை படித்தவருக்கும் இதற்கு விடை தோன்றாது.

ஆகவே பயிலும் முறையும் தாளிலேயே தொடங்கவேண்டும். நாம் சற்று முன் செய்ததுபோல, தாளில் மூன்று பத்திகள் வரைந்து, கீழ், நடு, மேல் எனத் தலைப்பிட்டு, நிரலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி எழுதவேண்டும். மனத்திலேயே கணக்கிட்டு விடையைச் சொல்வது மிடுக்காகத் தோன்றலாம். ஆயின், மூன்றாம் சுற்றில் மனம் தான் எதிர்பார்க்கும் எண்ணையே கண்டுவிடும். நிரல் உண்மையில் தரும் எண்ணைக் காணாது. தாள் அவ்வாறு ஏமாற்றுவதில்லை.

எந்த எண்களைத் தேடிப் பார்ப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாணவர் இயல்பாகவே நடுவில் உள்ள ஏதேனும் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பர். நாம் 47ஐ எடுத்தது போல. பிழை நடுவில் குடியிருப்பதில்லை, எல்லைகளிலே ஒளிந்திருக்கும். முதல் உறுப்பைத் தேடுங்கள். கடைசி உறுப்பைத் தேடுங்கள். முதலாவதைவிடச் சிறிய எண் ஒன்றையும், கடைசியைவிடப் பெரிய எண் ஒன்றையும் தேடுங்கள். பட்டியலைச் சுருக்கி, ஒரே உறுப்பும் இரண்டு உறுப்புகளும் மட்டுமே உள்ளனவாகக் கொண்டு பாருங்கள். ஒன்றுமே இல்லாத பட்டியலையும் விட்டுவிடலாகாது. உறுப்புகள் இல்லையாயின், மேல் எல்லை 0ஐவிட ஒன்று குறைந்து −1 ஆகும்; கீழ் 0. தொடங்கும்பொழுதே கீழ் மேலைத் தாண்டியிருப்பதால், நல்ல நிரல் எந்த இடத்தையும் பார்க்காமலே 'இல்லை' என்று கூறிவிடும். எல்லையைச் சோதிக்கும் முன்பே நடு இடத்தைப் பார்க்குமாறு எழுதப்பட்ட நிரல் இங்கே தடுக்கி விழும்.

இனிப் பிற பகுதிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். விருந்து முடிந்தபின் கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பர். கடைசியாக வைத்த தட்டே முதலில் எடுக்கப்படும். இவ்வமைப்பு அடுக்கு எனப்படும். நியாயவிலைக் கடையின் முன் நிற்பவருள் முதலில் வந்தவர் முதலில் பொருள் பெறுவார். இவ்வமைப்பு வரிசை எனப்படும். அடுக்கைப் பற்றிய வினாக்களுள் அடைப்புக்குறிகளைச் சரிபார்க்கும் வினா ஆசிரியர்க்கு மிகவும் உகந்தது. திறக்கும் குறியைக் கண்டால் அடுக்கின்மேல் வைக்கவேண்டும். மூடும் குறியைக் கண்டால் மேலே இருப்பதை எடுத்து இரண்டும் ஓரினமா என்று பார்க்கவேண்டும். முதலில் பிறை அடைப்பும் அதன்பின் பகர அடைப்பும் திறந்து, பின்னர்ப் பிறை அடைப்பு முதலில் மூடுகிறது என்று கொள்க. அடுக்கின் மேலே இருப்பது பகர அடைப்பு. வந்திருப்பதோ பிறை அடைப்பு. ஆகவே அமைப்பு தவறு. திறந்தவையும் மூடியவையும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவே என்று விடையெழுதுவோர் இவ்விடத்தில் தோற்பர்.

இணைப்புப் பட்டியல் என்பது மற்றோர் அமைப்பு. புதையல் விளையாட்டில் ஒரு சீட்டு அடுத்த சீட்டு இருக்கும் இடத்தைக் கூறும் அல்லவா? அதுபோல இதன் ஒவ்வோர் உறுப்பும் அடுத்த உறுப்பின் முகவரியைத் தன்னிடம் வைத்திருக்கும். இடையில் ஒன்றைப் புகுத்துவதும் நீக்குவதும் இதில் எளிது. இரண்டு முகவரிகளை மாற்றி எழுதினால் போதும். அவ்வாறாயின், ஏறுவரிசையில் உள்ள இணைப்புப் பட்டியலில் இருமத் தேடல் செய்யலாமா? இவ்வினாவைத் தேர்வுகளில் அடிக்கடி காணலாம். செய்வதால் பயன் சிறிதே. நடு உறுப்பை நேரே சென்று அடைய இதில் வழியில்லை. முதற் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தே போகவேண்டும். நடுவைத் தேடிச் செல்வதிலேயே பாதிப் பட்டியலைக் கடந்துவிடுகிறோம். அகராதி வரிசையில் இருப்பது மட்டும் போதாது. விரும்பிய பக்கத்தை நேரே விரித்துப் பார்க்கவும் முடிதல் வேண்டும். இருமத் தேடலுக்கு இவ்விரண்டும் தேவை.

வரிசைப்படுத்தும் நெறிமுறைகளைப் பற்றியும் ஒரு சொல். எஞ்சியவற்றுள் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து முன்னே வைத்துக்கொண்டு போவது ஒரு முறை. பத்து எண்களுக்கு 9ம் 8ம் 7ம் என இறங்கி மொத்தம் 45 ஒப்பீடுகள் வேண்டும். ஆயிரம் எண்களுக்கோ 4,99,500. எண்கள் நூறு மடங்கு பெருகினால் வேலை ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு பெருகுகின்றது! ஜான் வான் நாய்மன் 1945ஆம் ஆண்டில் வகுத்த இணைப்பு முறை, பட்டியலை இரு பாதியாக்கி, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே வரிசைப்படுத்திப் பின் ஒன்றுசேர்க்கும். அம்முறையில் ஆயிரம் எண்களுக்கு 10,000க்கும் குறைவான ஒப்பீடுகளே போதும். இவ்வெண்களை நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டால், எந்த முறை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்னும் அட்டவணையைத் தனியே உருப்போட வேண்டியதில்லை. ஒருமுறை மட்டுமே தேடவேண்டிய பட்டியலை வரிசைப்படுத்துவது வீண் வேலை என்பதும் உங்களுக்கே புலப்படும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதே அங்கே சிக்கனம்.

இவற்றையெல்லாம் தேர்வுக்கு முந்திய இரவில் ஒருசேர முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஆராய்ச்சி ஒன்றினை ரோடிகர், கார்பிக்கே என்னும் உளவியலறிஞர் இருவர் அமெரிக்காவில் நடத்தி, 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாணவரில் ஒரு சாரார் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, இரண்டாம் முறை நூலைப் பாராமல் நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபொழுது இருமுறை படித்தவர்களே முந்தினர். அவர்கள் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் 75 பங்கும் நினைவில் வைத்திருந்தனர். ஒரு வாரம் கழித்தோ நிலை மாறிவிட்டது. இருமுறை படித்தவர்களிடம் 42 பங்கே எஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 56 பங்கு நின்றது. மீண்டும் மீண்டும் படிப்பவர் தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணுவதன் காரணம் இதனால் விளங்கும். படித்த ஐந்தாம் நிமிடத்தில் அவர்க்கு எல்லாம் தெரியத்தான் செய்கிறது! தேர்வு அந்த ஐந்தாம் நிமிடத்தில் நடப்பதில்லை என்பதே குறை.

ஆதலால் ஒரு வாரத்திற்கு முன்பே தொடங்கி, நாளுக்கு ஒரு நெறிமுறையாக எடுத்துக்கொள்வது நன்று. நூலில் உள்ள நிரலை ஒருமுறை கருத்தோடு படித்தபின் நூலை மூடிவிடவேண்டும். வெறுந்தாளில் தாமே எழுதி, முன் கூறிய எல்லை எண்களைக் கொண்டு நடத்திப் பார்க்கவேண்டும். பின்னரே நூலோடு ஒப்பிடவேண்டும். இரண்டு நாள் கழித்து அதே நிரலை மீண்டும் வெறுந்தாளில் எழுதிப் பார்த்தால், முதல் நாள் தெளிவாய்த் தோன்றிய இடம் ஒன்று மங்கியிருப்பது தெரியும். அவ்விடத்தை மட்டும் மீண்டும் பயின்றால் போதும்.

இவ்வளவு கருத்தோடு எழுதிச் சோதித்த பின்னும் பிழை எஞ்சியிருக்கக் கூடுமா? கூடும் என்பதற்கு இருமத் தேடலே மீண்டும் சான்றாகின்றது. முன் கூறிய பென்ட்லி, தம் நூலில் அந்நெறிமுறையின் நிரலை எழுதி, அது சரியானது என்று தருக்க முறையில் நிறுவியும் காட்டினார். பிற்காலத்தில் ஜாவா என்னும் மொழியோடு வழங்கப்படும் நிரல் தொகுப்புக்கு இருமத் தேடலை எழுதியவர் ஜோஷுவா பிளாக் என்பவர். உலகெங்கும் எண்ணற்ற நிரல்கள் அதனைப் பயன்படுத்தி வந்தன. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றபின், அதில் ஒரு பிழை இருப்பது தெரியவந்தது. 2006ஆம் ஆண்டில் பிளாக் தாமே அதனை வெளிப்படையாக எழுதி, பென்ட்லியின் நிரலிலும் அதே பிழை உண்டு என்பதைக் காட்டினார். அறிஞர்க்கு அழகான செயல் அது.

பிழை இருந்த இடம் எது தெரியுமா? நாம் சிறிதும் ஐயுறாமல் இதுவரை செய்துவந்த 'கீழையும் மேலையும் கூட்டிப் பாதியாக்குதல்' என்னும் படியே! பழைய வண்டிகளின் ஓட்டமானியில் ஐந்து இலக்கங்களே இருப்பின், 99,999க்குப் பின் அது 1,00,000ஐக் காட்டாது. 00,000 என்று திரும்பிவிடும். ஜாவா போன்ற மொழிகளில் ஒரு முழு எண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடத்திற்கும் இத்தகைய எல்லை உண்டு. 2,14,74,83,647 என்பதே அதில் அடங்கும் மிகப் பெரிய எண். அதனைத் தாண்டினால் எண் மறுபுறம் திரும்பிக் குறை எண்ணாகிவிடும். கீழ் எல்லை 120 கோடி, மேல் எல்லை 130 கோடி என்று கொள்வோம். கூட்டினால் 250 கோடி வரவேண்டும். அவ்விடத்தில் அது அடங்காது. கணிப்பொறி தருவது −1,79,49,67,296. அதன் பாதி −89,74,83,648. அப்படி ஓர் இடம் எந்தப் பட்டியலிலும் இல்லை. நிரல் அங்கேயே முறிந்து நின்றுவிடும். நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் உள்ள பட்டியலை எவரும் தேடாத காலம் வரையில் இப்பிழை உறங்கிக் கிடந்தது.

பைத்தான் மொழியில் முழு எண்ணுக்கு இவ்வெல்லை இல்லை. ஆதலால் அம்மொழியில் எழுதுவோர்க்கு இவ்விடர் இல்லை. சி, சி++, ஜாவா ஆகியவற்றில் எழுதுவோர் கூட்டலை மாற்றி எழுதுகின்றனர். மேலிலிருந்து கீழைக் கழித்து, வந்ததைப் பாதியாக்கி, அதனைக் கீழோடு கூட்டவேண்டும். 130 கோடியில் 120 கோடி போக எஞ்சுவது 10 கோடி. அதன் பாதி 5 கோடி. கீழோடு கூட்ட 125 கோடி. முன்பு வந்திருக்க வேண்டிய விடையே இங்கும் வருகின்றது. இடையில் தோன்றிய எந்த எண்ணும் அந்த எல்லையைத் தாண்டவில்லை.